மூன்று நாள் ஏரியில் கிடந்த வலை

உங்களில் பலர் என்னைப் போலவே பத்து, பதினொரு வயதில் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியவர்கள். தாய் தகப்பனுக்கு முன்னமே டேனிஷ் பிடிபட்டு, கொம்யூன் என்ற நகரசபைக் கடிதத்தில் இருந்து பல்லு டொக்டர் வரைக்கும் வீட்டுக்கு மொழிபெயர்த்தவர்கள். அதனால்தான் இதை உங்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள், இல்லாவிட்டால் பரிதாபப்படுவார்கள். இரண்டும் எனக்கு வேண்டாம்.

பிறந்தநாள் வீடுகளில் "நீர் ஏன் மீன் தொடுறேல்லை?" என்று யாராவது ஒருவர் கேட்கத்தான் செய்கிறீர்கள். ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிடுவேன். அது பொய். பன்னிரண்டு வயதில் ஒரு கோடை முழுவதும் மீன் மணத்துக்குள் கிடந்தேன். அதற்குப் பிறகு மீனைக் கண்டால் நாக்கடியில் உப்புத் தண்ணீர் ஊறும். குமட்டிச் சத்தி வருவதற்கு முன் ஊறுமே, அந்தத் தண்ணீர்.

ஓகூஸ் நகரில் இருந்து பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம் போனால் ஒரு சின்ன ஊர். அங்கே இரண்டாம் மாடியில் எங்கள் வீடு. அப்பா ஊரில் கணக்கு வாத்தியார். இங்கே மொழிப் பள்ளியில் கடைசி வாங்கில் இருந்த மாணவன். யூலையில் பள்ளி பூட்டியதும் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அம்மாவின் தம்பி, என் மாமா, அகதி முகாமில் விண்ணப்ப முடிவுக்காகக் காத்துக்கொண்டிருந்தவர். கோடைக்கு எங்களோடு வந்து நின்றார். பெருந்தெருவின் தார் இளகிச் செருப்பில் ஒட்டிய கோடை அது. டேனிஷ்காரர்கள் தங்களுக்கு ஏதோ பரிசு விழுந்ததுபோல அரை உடுப்போடு திரிந்தார்கள்.

வீட்டில் இருந்து சைக்கிளில் பத்து நிமிடத்தில் ஏரி. அழகான ஏரி என்று இப்போது சுற்றுலாப் படங்களில் போடுகிறார்கள். அந்தக் கோடையில் அதன் மேல் பச்சைப் பாசி தடித்த பெயின்ற் போல மிதந்தது. காற்றடித்த பக்கத்துக் கரையில் அது ஒதுங்கிக் காய்ந்து, அழுகின முட்டை மணம் மணத்தது. அதைக் கையால் விலக்கிவிட்டுத்தான் நாங்கள் நீந்துவோம். நான் காற்சட்டையும் பெரிய ரீசேட்டும் போட்டுக்கொண்டு நீந்துவேன். அதுதான் அம்மாவின் நிபந்தனை.

மீனைக் கண்டுபிடித்தது நான்தான். எவரும் சொல்லித் தரவில்லை.

அந்த ஏரியில் அபோர என்று ஒரு மீன். உங்களுக்குத் தெரியும். பச்சை உடம்பு, குறுக்கே கறுப்பு வரி, செம்மஞ்சள் செட்டை, முதுகிலே ஊசி ஊசியாய் முள்ளு. அப்பாவும் மாமாவும் இரண்டு தூண்டிலை வைத்துக்கொண்டு உச்சி வெயிலில் கரையோரம் மணித்தியாலக் கணக்கில் நிற்பார்கள். ஒன்றும் அகப்படாது. "இந்த நாட்டு மீனுக்கும் எங்களைப் பிடிக்கேல்லைப் போல," என்று மாமா பகிடி விடுவார்.

ஒரு நாள் நான் கரையோரத்தில் எல்லாரும் குளிக்கிற மரமேடைக்கு அப்பால் நீந்திப்போய், தண்ணீருக்குள் நிமிர்ந்து நின்றபடி மிதந்தேன். நெஞ்சு, வயிறு, முழங்கால் எல்லாம் ஆறின தேத்தண்ணி போல இளஞ்சூட்டில் இருந்தன. காலைக் கீழே நீட்டினால் கணுக்காலுக்குக் கீழே சடாரென்று குளிர். யாரோ தண்ணீரை இரண்டாக மடித்து வைத்ததுபோல. அந்தச் சூடும் குளிரும் முட்டுகிற இடத்தில் ஏதோ என் பாதத்தை உரசிக்கொண்டு போனது. பயந்துபோய் நீச்சல் கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தேன். மேடையின் நிழலுக்குள், அடிநிலம் சரிந்து இருட்டாகப் போகிற விளிம்பில், அபோரக் கூட்டம் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. முப்பது, நாற்பது இருக்கும். வாய் மட்டும் மெல்ல மெல்லத் திறந்து மூடியது.

அடுத்த நாளும் பார்த்தேன், அதற்கடுத்த நாளும். காலையில் அவை நாணல் ஓரத்துக்கு ஏறி வந்து குஞ்சு மீன்களைத் துரத்தும். குஞ்சுகள் மழைத் துளி போலத் தெறிக்கும். வெயில் ஏறினால் திரும்பவும் அந்த விளிம்புக்கு இறங்கிவிடும். நூலில் கல்லைக் கட்டி, சாணுக்கு ஒரு முடிச்சுப் போட்டு ஆழம் பார்த்தேன். ஆறாம் முடிச்சில் தண்ணீர் குளிர்ந்தது. ஐந்தாம் முடிச்சில் மீன் நின்றது.

அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கொப்பியை எடுத்து ஏரியைக் கீறி, நான் சொன்ன முடிச்சுகளைப் புள்ளி புள்ளியாகக் குறித்தார். பிறகு கோடு இழுத்தார். "வடிவாப் பாத்திருக்கிறாய் பிள்ளை," என்றார். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவர் முகத்தில் அந்த வாத்தியார்க் களையை அன்றைக்குத்தான் முதலில் கண்டேன். எனக்கு உடம்பெல்லாம் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. சரி, சொல்லி முடிக்கிறேன்.

அந்த இடத்துக்குத் தூண்டில் போடப் படகு வேண்டும். எங்கள் கீழ்வீட்டில் ஒரு டேனிஷ் மனுசன் தனியாக இருந்தார். மனைவி இறந்துபோய்ச் சில வருடம். அந்த வருடம் அவருக்கு இடுப்பில் ஒப்பறேசன். பொல்லு ஊன்றித்தான் நடப்பார். ஏரியில் அவருடைய படகு சும்மா கிடந்தது. நான் போய்க் கேட்டேன். அவர் மாமாவையும் கூப்பிடச் சொல்லி, படகின் துடுப்பில் கத்தியால் ஒரு கோடு கீறிக் காட்டினார்.

"இதைவிடச் சின்னனை உயிரோடு திருப்பி விடவேணும். தூண்டில் மட்டும்தான். வலை கூடாது, இது மீன்பிடிச் சங்கத்தின் ஏரி. சொல்லு அவருக்கு."

நான் ஒரு சொல் விடாமல் மாமாவுக்குச் சொன்னேன். மாமா தலையாட்டி, தெரிந்த டேனிஷில் நன்றி சொன்னார். "ஓம், ஓம். தக், தக்."

முதல் நாள் பதினாலு மீன். அடுத்த நாள் முப்பதுக்கு மேல். துடுப்பின் கோடு முதல் நாளே மறந்துபோயிற்று. "கைக்கு வந்ததைத் திருப்பி விடுறதோ? விசர்க் கதை," என்றார் மாமா. என் விரல் நீளக் குஞ்சுகளும் வாளிக்குள் விழுந்தன. வெயிலில் அந்த வாளித் தண்ணீர் சூடாகி, மேலே நுரைத்து, அதற்குள் அவை வாயைப் பிளந்துகொண்டு ஒன்றின் மேல் ஒன்று ஏறும். வீட்டுக்குப் போகும் வழி முழுக்க வாளி என் சைக்கிள் கைப்பிடியில். அந்த வழுவழுத்த தண்ணீர் துள்ளித் துள்ளி என் காலில் வடியும்.

வெட்டுவது அம்மா. அபோரவின் செதிள் லேசில் கழலாது. கழன்றால் தெறிக்கும். குசினிச் சுவரில், யன்னல் திரைச்சீலையில், அம்மாவின் தலைமயிரில் எல்லாம் காய்ந்த செதிள். முள்ளுக் குத்தி அம்மாவின் பெருவிரல் வீங்கிச் சீழ் கட்டியது. சில மீனின் சதைக்குள் கடுகு போலக் கறுப்புப் புள்ளிகள். அது புழுவின் குஞ்சு என்று நான் பள்ளிப் புத்தகத்தில் படித்திருந்தேன். சொன்னேன்.

"பொரிச்சாத் தெரியாது," என்றார் மாமா.

அம்மா ஊசி முனையால் ஒவ்வொரு புள்ளியாகத் தோண்டினா. தோண்டிக்கொண்டிருந்தபோதே ஒருதரம் ஓங்காளித்துக்கொண்டு போய்த் தொட்டியில் குனிந்தா. மாமா அதற்கும் சிரித்தார். "அக்கா இப்ப டேனிஷ் மேடம். மீன் மணம் பிடிக்காது." அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அம்மாவின் கை அன்றைக்குத் தோள் வரைக்கும் வலித்தது என்று பிறகொரு காலம் சொன்னா.

காலை பொரியல், மத்தியானம் குழம்பு, பின்னேரம் மிஞ்சின பொரியல். பிரீசர் நிரம்பி மூடி சரியாகப் பூட்டாமல் மேலே பாரத்துக்கு அகராதி வைத்தார்கள். என் சட்டையை மோந்தால் வெடுக்கு. தலையணையும் வெடுக்கு. அப்பவும் ஒவ்வொரு காலையும் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய், "இண்டைக்கு இந்தப் பக்கம், நாலரை முடிச்சு," என்று காட்டினது நான்தான். ஒருவரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

அதற்குப் பிறகு வலை வந்தது. நாட்டின் மேற்குக் கடற்கரையில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு நண்பரிடம் மாமா அதை வாங்கி வந்தார். "தூண்டில் போட்டுக்கொண்டு இருக்கிறது குழந்தைப்பிள்ளை வேலை அத்தான். பிள்ளை இடத்தைக் காட்டட்டும். ஒரு வலை போதும்."

அப்பா யோசித்தார். "அந்த மனுசன் வேண்டாம் எண்டு சொன்னதெல்லே?"

"ஆர் பாக்கிறது?"

அப்பா படகை அவிழ்த்தார். நான் இடத்தைக் காட்டினேன். மேடைக்கு அப்பால், சரிவு விளிம்பில், ஐந்தாம் முடிச்சு ஆழத்தில் வலை இறங்கியது.

அன்று மத்தியானமே ஒடென்சே நகரில் ஒரு சாமத்தியவீட்டுக்கு, ஒரு பிள்ளையின் பூப்பு விழாவுக்கு, வெளிக்கிட்டோம். ஒரு நாள் என்று போனது. எங்களைக் கூட்டிப்போனவரின் கார் பழுதாகி மூன்று நாள் ஆகிவிட்டது. எனக்கு வலை ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. "தண்ணிக்குள்ளதானே கிடக்குது. பழுதாகாது," என்றார் மாமா, பலகாரத்தைக் கடித்துக்கொண்டு.

திரும்பி வந்த அன்று காலையில் மூவரும் படகில் போனோம். கிட்டப் போகும்போதே மணத்தது. மாமா கயிற்றைப் பிடித்து இழுத்தார். முதலில் வந்த மீன்கள் வெள்ளைத் துணி போல இருந்தன. வரி இல்லை, நிறம் இல்லை. அவர் ஒன்றைப் பிடித்து உருவ, தோல் உறை போலக் கழன்று அவர் கையில் நின்றது, சதை தண்ணீருக்குள் கரைந்து விழுந்தது. விலாங்குகள் வயிற்றைத் துளைத்து உள்ளே புகுந்திருந்தன. இன்னும் இழுக்க, கொண்டை வைத்த ஒரு முக்குளிப்பான் வந்தது. கழுத்து வலைக் கண்ணுக்குள் முறுகி, கண் இருந்த இடத்தில் நத்தை. அதன் பக்கத்தில் உள்ளங்கை அளவில் வரி வரியாய் ஒரு குஞ்சு. தாய்க்குப் பின்னால் முக்குளித்திருக்க வேண்டும்.

நான் படகின் ஓரத்தில் குனிந்து சத்தியெடுத்தேன். என் சத்தியைத் தின்னக் குஞ்சு மீன்கள் கூட்டமாக வந்தன. அதைப் பார்த்துத் திரும்பவும் எடுத்தேன்.

"வெட்டி விடு அத்தான், வெட்டி விடு!" மாமா வாயைப் பொத்திக்கொண்டு கத்தினார். அப்பா கத்தியால் கயிற்றை வெட்டினார். வலை, மீன், பறவை எல்லாம் திரும்பத் தண்ணீருக்குள் போயின. அது அடியில் கிடக்கும் என்று நினைத்தார்கள். அழுகின மீன் ஊதி மிதக்கும் என்பது கணக்கு வாத்தியாருக்கும் தெரியவில்லை.

இரண்டு நாளில் அது குளிக்கிற இடத்தில் ஒதுங்கியது. ஒரு சின்னப் பிள்ளை அதற்குள் காலை விட்டு வீரிட்டதாம். மீன்பிடிச் சங்கத்தில் இருந்து இரண்டு பேர் எங்கள் கதவைத் தட்டினார்கள். படகில் வலைக் கயிற்றின் துண்டு கிடந்திருக்கிறது. கீழ்வீட்டு மனுசன் அவர்களுக்குப் பின்னால், படியில் பொல்லை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"என்ன கேக்கிறாங்கள்?" என்றார் அப்பா.

"வலை ஆரின்ர எண்டு."

மாமாவின் முகம் சாம்பலாகிவிட்டது. "இது பொலிசுக்குப் போனால் என்னைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் அத்தான். அங்க அனுப்பினா நான் செத்தன்." பிறகு என்னைப் பார்த்தார். "அந்தாளின்ர கொட்டிலுக்குள்ள வலை கண்டனாங்கள் எண்டு சொல்லு."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா குசினி வாசலில் வீங்கின விரலைப் பொத்திக்கொண்டு நின்றா.

"சொல்லு பிள்ளை," என்றார் அப்பா, சுவரிடம்.

சொன்னேன். எங்களிடம் தூண்டில் மட்டும்தான், கீழ்வீட்டு ஐயாவின் கொட்டிலில் ஒரு வலை கண்டோம் என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பச்சை வலை. சுருட்டி மூலைக்குள் வைத்திருந்தார்," என்று நானாகச் சேர்த்தேன். ஒருவரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. நல்ல டேனிஷில், உச்சரிப்புப் பிசகாமல் சொன்னேன்.

கீழ்வீட்டு மனுசன் என்னைப் பார்த்தார். "நோ," என்றார். டேனிஷ்காரரின் அந்த "நோ"வை உங்களுக்குத் தெரியும். இல்லை என்று அர்த்தமில்லை. அப்படியா என்பது போல. பிறகு திரும்பி, ஒவ்வொரு படியாகப் பொல்லை வைத்து வைத்து இறங்கிப் போனார்.

அந்தக் கிழமை முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாமா மூன்றாம் நாளே பழையபடி பகிடி விடத் தொடங்கிவிட்டார். சனிக்கிழமை காலை நான் தனியாகச் சைக்கிளில் ஏரிக்கரையில் இருந்த சங்கத்தின் மரக்கொட்டிலுக்குப் போனேன். எங்கள் வீட்டுக்கு வந்தவரில் மூத்தவர், அவர்தான் தலைவர், வாசலில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். முழுவதையும் சொன்னேன். வலை எங்களுடையது, இடம் காட்டினது நான், சொன்னது பொய்.

அவர் கோப்பியைக் கீழே வைத்தார். "எங்களுக்குத் தெரியும். அந்த இடுப்போடு அவரால் படகில் ஏறவே முடியாது."

"அப்ப?"

"அவர் வந்து, வலை தன்னுடையது என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டார். அவரைச் சங்கத்தில் இருந்து நிறுத்திவிட்டோம். விஷயம் முடிந்தது."

"அவர் ஏன் அப்படி எழுதினவர்?"

"அதை அவரிடம் கேள். வீட்டுக்குப் போ."

வீட்டுக்குப் போனேன். சொன்னேன். அப்பாவின் தோள் இளகி இறங்கியதை என் கண்ணால் கண்டேன். மாமா கையைத் தட்டிச் சிரித்தார். "பாத்தியளோ, கிழவனுக்கு அறளை பேந்து புத்தி மாறிட்டுது! தானே ஒத்துக்கொண்டிட்டான். மடையன்." பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, "அக்கா, அந்த மீனில நாலு பொரியுங்கோ," என்றார்.

வலைக்கு யாரையும் நாடு கடத்த மாட்டார்கள் என்று எனக்கு இப்போது தெரியும். ஒரு கடிதம் வந்திருக்கும், ஒரு அதட்டல் விழுந்திருக்கும். அவ்வளவுதான். அன்றைக்கு அவர்களுக்கு அது தெரியாது. மாமாவின் பயம் உண்மையான பயம், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பயம் காரணமில்லை.

அடுத்த நாள் எல்லாரும் கடைக்குப் போன நேரம் பிரீசரைத் திறந்தேன். பை பையாக மீன். ஐஸ் பூத்த கண்கள் பையின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு என்னைப் பார்த்தன. எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய்க் கீழே குப்பைக் கொன்டெய்னருக்குள் கொட்டினேன். நாலுதரம் ஏறி இறங்கினேன். கடைசிப் பை கிழிந்து படி முழுவதும் ஐஸ் தண்ணீர்.

வீட்டில் எனக்கு விழுந்த அடியைச் சொல்லத் தேவையில்லை. மாமா கொன்டெய்னருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, இளகிவிட்டது, எடுக்கேலாது என்றார். குப்பை லொறி வர இன்னும் ஐந்து நாள் இருந்தது. மூன்றாம் நாள் அந்த மணம் எங்கள் யன்னல் வரைக்கும் ஏறியது. வெள்ளைப் புழு மூடி விளிம்பால் வழிந்து சீமெந்தில் ஊர்ந்தது. கட்டடத்துக் காவலாளர் எங்கள் கதவுக்குத்தான் நேராக வந்தார். மூக்கைச் சுளித்தபடி, "இது யாருடையது?" என்று கேட்டார்.

"தெரியாதெண்டு சொல்லு," என்றார் மாமா. "கீழ்வீட்டு ஆளும் மீன் பிடிக்கிறவர்தானே எண்டு சொல்லு."

அப்பா திரும்பவும் சுவரைப் பார்த்தார்.

"எங்களுடையது," என்று நான் டேனிஷில் சொன்னேன். "நான்தான் கொட்டினேன். ஏரியில் கிடந்த வலையும் எங்களுடையது. கீழ்வீட்டு ஐயாவுக்கு அதில் ஒரு தொடர்பும் இல்லை. நான் அவரைப் பற்றிப் பொய் சொன்னேன்." படிக்கட்டு எதிரொலிக்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னேன். மாமா ஒன்றும் விளங்காமல், சரி சரி என்று காவலாளரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்.

அம்மாதான் முதலில் ஒரு சொல்லைப் பிடித்தா. "வோரெஸ் எண்டா எங்கட எண்டுதானே?" என்று மெதுவாகக் கேட்டா.

"ஓம்."

"நல்லது," என்றா அம்மா. சுவரோடு சாத்தியிருந்த, கூட்டிக் கழுவுகிற தும்புத்தடியை எடுத்தா.

காவலாளர் குழாயையும் குளோரின் போத்தலையும் தந்துவிட்டுப் போனார். அப்பா, அம்மா, நான் மூவரும் அந்தக் கொன்டெய்னரைக் கழுவினோம். அப்பா மூக்கில் துவாயைக் கட்டிக்கொண்டு உள்ளே குனிந்து கையாலே அள்ளினார். ஒவ்வொரு அள்ளலுக்கும் ஓங்காளித்தார். அடியில் மீன் சாம்பல் நிறக் கூழாகி இருந்தது. முள்ளு மட்டும் கூழுக்குள் முழுதாக நின்று குத்தியது. மாமா அன்று பின்னேர பஸ்ஸில் முகாமுக்குப் போய்விட்டார். அடுத்த வருடம் அவருக்கு அனுமதி கிடைத்தது. இப்போது புரொண்பியில் பேரப்பிள்ளைகளோடு சுகமாக இருக்கிறார்.

கழுவி முடிந்ததும் அப்பா மேலே வரவில்லை. ஈர உடுப்போடு கீழ்வீட்டுக் கதவைத் தட்டினார். என்னை வரச் சொல்லவில்லை. டேனிஷ்காரர் ஒருவரிடம் நான் இல்லாமல் அவர் கதைக்கப் போனது அதுதான் முதல் தடவை. அவரிடம் அப்போது முப்பது சொல் இருந்தால் அதிகம். நான் மேல்படியில் குந்தியிருந்து கேட்டேன். "உண்ஸ்கூல்," என்றது அப்பாவின் குரல். மன்னிக்கவும் என்று சொல்ல அவருக்கு வந்தது அவ்வளவுதான். கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும், "உண்ஸ்கூல்." அந்த மனுசன் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது.

அப்பா ஏறி வந்து என்னைத் தாண்டும்போது நின்றார். "நீயும் ஒருக்காப் போய்ச் சொல்லு பிள்ளை."

"நாளைக்கு," என்றேன்.

அடுத்த நாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. காவலாளரிடம் சத்தமாகச் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கும், அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பள்ளி தொடங்கிவிட்டது. படியில் அவரைக் கண்டால் சப்பாத்துக் கட்டுகிற மாதிரிக் குனிந்துவிடுவேன். அவர் எப்போதும்போல ஹாய் என்பார்.

ஒக்ரோபரில் அவருடைய மகள் வான் கொண்டுவந்து சாமான்களை ஏற்றினா. மகளோடு இருக்கப் போகிறார் என்று அம்மா கேள்விப்பட்டு வந்து சொன்னா. அம்மாவும் அப்பாவும் கீழே போய்ப் பெட்டி தூக்கிக் கொடுத்தார்கள். அம்மா இரண்டுதரம் என்னைக் கூப்பிட்டா. எனக்கு வீட்டுப்பாடம் இருக்கு என்றேன். வான் மூலையால் திரும்பும் வரைக்கும் குசினி யன்னல் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.